ஹீலா ஆறு வற்றிய பின்: பீமா மக்களின் நீரிழிவு வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குத் தெற்கே ஹீலா ஆற்றை ஒட்டி வாழும் அக்கிமெல் ஓதம் என்னும் பழங்குடியினர், ஸ்பானியர் இட்ட பீமா என்ற பெயராலேயே மருத்துவ உலகில் அறியப்படுகின்றனர். அதுவரை எந்த மக்கள் கூட்டத்திலும் பதிவாகாத அளவுக்கு நீரிழிவு நோய் இவர்களிடையே மிகுந்திருப்பது 1960களில் தெரியவந்ததால், அடுத்த நாற்பதாண்டுக் காலம் இவர்களுடைய இரத்தமும் சிறுநீரும் உடல் எடையும் குடும்ப மரபும் ஆய்வாளர்களால் இடைவிடாது அளக்கப்பட்டன. நாட்பட்ட நோய்களுக்குப் பரம்பரை காரணமா, வாழ்முறை காரணமா என்ற விவாதத்தில் இவர்கள் பெயர் இடம்பெறாத பாடநூல் அரிது. ஆயினும் அப்பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வரலாற்றை 1963ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே, ஆற்றின் மேற்பகுதியில் வெட்டப்பட்ட பிறருடைய கால்வாய்களில் அது தொடங்கிவிட்டது.

சோனோரா பாலைவனத்தின் ஓரத்தில் அமைந்த இந்நிலத்தில் மழை சொற்பம். எனினும், இம்மக்கள் தம் முன்னோராகக் கருதும் ஹொஹொக்காம் என்ற தொல்குடியினர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஹீலா ஆற்றிலிருந்தும் சால்ட் ஆற்றிலிருந்தும் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிப் பாசனம் செய்தவர்கள். அவர்கள் வழிவந்த பீமாக்கள் சோளத்தின் உறவான மக்காச்சோளத்தையும், பூசணியையும், வறட்சி தாங்கும் டெப்பரி என்ற சிறு அவரையையும், பருத்தியையும் விளைவித்தனர். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் சகுவாரோ என்னும் நெடுங்கள்ளியின் பழம், கள்ளி மொட்டு, ஆற்று மீன், முயல், மான் ஆகியவற்றோடு மெஸ்கீட் மரத்தின் நெற்றுகளும் அவர்களுக்குச் சோறிட்டன. தமிழ்நாட்டின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்கு இம்மரம் நெருங்கிய இனம் என்பதும், இங்கு வெறும் விறகாகவும் கரியாகவும் மட்டுமே மதிக்கப்படும் அவ்வினத்தின் இனிப்பான நெற்றை அங்கு உரலில் இடித்து மாவாக்கி உண்டார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. 1694இல் இப்பகுதிக்கு வந்த யூசெபியோ கீனோ என்ற இயேசு சபைப் பாதிரியாரின் காலத்தை ஒட்டிக் கோதுமை இங்கு அறிமுகமாயிற்று. குளிர்காலத்தில் விளையும் அப்பயிர், கோடையில் மட்டும் விளைவு கண்ட நிலத்தை ஆண்டு முழுவதும் உணவு தரும் நிலமாக மாற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீமாக்கள் ஏழைகளாக இருக்கவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1849இல் கலிபோர்னியாவின் தங்கத்தைத் தேடிப் பாலைவனம் கடந்து வந்த ஆயிரக்கணக்கானோர் பீமாக் கிராமங்களில்தான் தானியமும் நீரும் பெற்று உயிர் பிழைத்தனர். 1853இல் மெக்சிகோவிடமிருந்து இந்நிலம் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டபோது அதில் வாழ்ந்தவர்களை எவரும் கலந்துகொள்ளவில்லை. 1859இல் அவர்களுக்கென ஓர் ஒதுக்கீட்டு நிலம் வரையறுக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் நடந்த 1860களில் அமெரிக்கப் படைக்கு இலட்சக்கணக்கான பவுண்டு கோதுமையை விற்றவர்கள் இவர்களே. ஆற்றிலிருந்து நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டி, வயலில் நாள்தோறும் உழைத்து, நாரும் பருப்பும் மிகுந்த உணவை உண்டுவந்த இச்சமுதாயத்தில் நீரிழிவு ஒரு பொருட்படுத்தத்தக்க நோயாக இருந்ததற்குச் சான்றில்லை.

அடுத்த முப்பதாண்டுகளில் நடந்தது ஆற்றைக் கவர்ந்த வரலாறு. 1866இல் ஹீலா ஆற்றின் மேற்புறம் ஃபுளோரன்ஸ் நகர் நிறுவப்பட்டது. 1870களில் அதற்கும் மேலே சாஃபோர்டு பள்ளத்தாக்கில் வெள்ளைக் குடியேறிகள் வயல்களைத் திருத்தினர். 1877ஆம் ஆண்டின் பாலை நிலச் சட்டம், பாசனம் செய்ய உறுதியளிப்பவர்களுக்கு மலிவு விலையில் நிலம் வழங்கியதால், ஆற்றிலிருந்து நீரைத் திருப்புவது இலாபம் தரும் தொழிலாயிற்று. 1880களின் இறுதியில் ஃபுளோரன்ஸ் கால்வாய் முடிவடைந்தபோது, வெள்ளக் காலங்களைத் தவிர, கீழே வாழ்ந்த பீமாக்களுக்கு எஞ்சியது மணல் மட்டுமே. 1890களின் வறட்சி இதனோடு சேர்ந்துகொண்டது. கோதுமை விற்றவர்கள் மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றனர். அவ்விறகின் விலையில் அரசு முகவர் கடைகளின் வெள்ளை மாவையும் சர்க்கரையையும் வாங்கினர். மரம் போனபின் நெற்றும் போயிற்று. காய்ந்த ஆற்றில் மீனும் இல்லை. ஒரே தலைமுறையில், விளைநிலத்து உணவும் காட்டு உணவும் ஒருசேர அற்றுப்போய், பன்றிக் கொழுப்பும் வெள்ளை மாவும் பங்கீடாகக் கிடைக்கும் நிலை வந்தது. இன்று பழங்குடி உணவு எனத் திருவிழாக்களில் விற்கப்படும் பொரித்த ரொட்டி, அப்பங்கீட்டுப் பொருள்களிலிருந்து பிறந்ததே அன்றி மூதாதையரின் அடுப்பிலிருந்து வந்ததன்று.

இக்காலத்தின் இறுதியில் பீமாக்களைப் பற்றி எழுதிய இருவரின் நூல்கள் 1908இல் வெளிவந்தன. அவர்களுள் ஒருவரான மானிடவியலாளர் ஃபிராங்க் ரஸ்ஸல், பழங்குடியினர் ஒடிசலான உடலினர் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, முதியோர் சிலரிடம் பருத்த உடலைக் கண்டதாகக் குறித்தார். மற்றவரான அலெஷ் ஹர்ட்லிச்கா, அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடியினரிடையே வழங்கிய நோய்களை விரிவாகப் பதிவு செய்தவர். அப்பதிவில் நீரிழிவு ஏறத்தாழ இடம்பெறவே இல்லை. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லின் அரிசோனாவில் நடத்திய கணக்கெடுப்பை 1940இல் வெளியிட்டபோதும், பழங்குடியினரிடையே இந்நோய் நாட்டின் பிற மக்களுக்கு ஒத்த அளவிலேயே இருப்பதாக முடிவு கூறினார். எடை கூடத் தொடங்கியதற்கும் நோய் பரவியதற்கும் இடையே ஒரு தலைமுறை, இரு தலைமுறை இடைவெளி இருந்தது என்பதை இப்பதிவுகளைச் சேர்த்துப் படிப்பவர் காணலாம்.

அந்த இடைவெளியை மூடியது இரண்டாம் உலகப் போரும் அதன் பின்விளைவும். 1930இல் திறந்துவைக்கப்பட்ட கூலிட்ஜ் அணை பீமாக்களுக்கு நீர் தரும் என்று சொல்லித்தான் கட்டப்பட்டது என்றாலும், அதன் பயன் பெரிதும் பிற விவசாயிகளுக்கே சென்றது. போர்க்காலத்தில் ஆண்கள் படைக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடியை ஏற்றியவர்களுள் ஒருவரான ஐரா ஹேஸ் இந்த ஒதுக்கீட்டு நிலத்தில் பிறந்தவர். திரும்பி வந்தவர்களுக்குக் காத்திருந்தது உழுவதற்கு நீரில்லாத நிலமும், கூலி வேலையும், உபரி உணவு வழங்கும் அரசுத் திட்டத்தின் மாவும் கொழுப்பும் பாலாடைக்கட்டியும் டின் இறைச்சியும். 1950களில் நீரிழிவு நோயாளிகளின் எண்ணிக்கை ஜாஸ்லின் கண்டதைவிடப் பன்மடங்கு பெருகியிருந்தது.

இவ்வளவும் நிகழ்ந்த பிறகுதான் ஆய்வுக் குழு வந்தது. அதுவும் நீரிழிவைத் தேடி வரவில்லை. தட்பவெப்பத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, குளிர்மிகுந்த மொன்டானாவின் பிளாக்ஃபீட் பழங்குடியினரையும் வெப்பமிகுந்த அரிசோனாவின் பீமாக்களையும் ஒப்பிட விரும்பிய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 1963இல் எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் சர்க்கரை அளவு வியப்பூட்டும் விதத்தில் உயர்ந்திருக்கக் கண்டனர். 1965இல் பீட்டர் பென்னட் உள்ளிட்டோர் தொடங்கிய தொடராய்வில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட அனைவரும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்கு அழைக்கப்பட்டனர். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருப்பதாக 1971இல் லான்செட் இதழில் அவர்கள் அறிவித்தனர். முதிர்ந்த வயதினருக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்ட வகை 2 நீரிழிவு, அதாவது கணையம் இன்சுலினைச் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காமல், நாளடைவில் சுரப்பும் போதாமற்போகும் நிலை, பீமாச் சிறுவர்களிடமும் இருப்பது 1970களின் இறுதியில் வெளிவந்தது.

இந்த ஆய்வின் ஒரு விளைவு உலகெங்கும் இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் எஞ்சும் சர்க்கரையை அளப்பதைக் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை என்பர். பிற மக்களிடம் இந்த அளவு சீராகக் கூடிச் செல்வதால், நலமுள்ளவர் எங்கே முடிகிறார், நோயாளி எங்கே தொடங்குகிறார் என்று கோடு போடுவது கடினம். பீமாக்களிடமோ அளவுகள் இரு தனித்தனிக் குவியல்களாகப் பிரிந்து நின்றன. அவ்விரு குவியல்களுக்கும் இடைப்பட்ட பகுதி, 1979–80இல் அமெரிக்க வல்லுநர் குழுவும் உலகச் சுகாதார நிறுவனமும் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தபோது முக்கியச் சான்றாக அமைந்தது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பரிசோதனை நிலையம் ஒன்றில் இன்று ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று எழுதித் தரப்படும்போது பயன்படும் எண்ணில், நீர் பறிக்கப்பட்ட ஹீலா ஆற்றங்கரை மக்களின் இரத்தமும் கலந்திருக்கிறது.

இம்மக்களுக்கு ஏன் இவ்வளவு நோய் என்ற கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் 1962இல் வெளியிட்ட கட்டுரையில், பஞ்சமும் விருந்தும் மாறிமாறி வந்த பழங்காலத்தில், உண்ட உணவை விரைந்து கொழுப்பாகச் சேமித்துக்கொள்ளும் உடலமைப்பே உயிர் பிழைக்க உதவியது என்றும், உணவு எந்நாளும் கிடைக்கும் காலத்தில் அதே அமைப்பு நீரிழிவாக முடிகிறது என்றும் ஊகித்தார். சிக்கன மரபமைப்பு என்று பெயர்பெற்ற இக்கருதுகோளை நீல் பீமாக்களை முன்வைத்து எழுதவில்லை. ஆயினும் பீமாப் புள்ளிவிவரம் வெளிவந்ததும், அதற்கு உயிருள்ள சான்றாக அவர்களே காட்டப்பட்டனர். கருதுகோளின் கவர்ச்சி அதன் எளிமையில் இருந்தது. அதன் குறையும் அங்கேயே இருந்தது. பஞ்சம் காணாத கண்டம் எதுவுமில்லை. மேலும், பீமாக்கள் வேட்டையாடி அலைந்த கூட்டமல்லர். பல நூற்றாண்டுகளாகக் கால்வாய்ப் பாசனம் செய்து தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்த்த உழவர். அவர்கள் அறிந்த மிகக் கொடிய பஞ்சம் தொல்பழங்காலத்தில் அன்று, 1890களில், அரசின் கண்முன்னே நிகழ்ந்தது. நீல் தம் கருத்தைப் பிற்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தி எழுதினார் என்பதை அதை எடுத்தாண்டவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஊழ்வினை என்று சொல்லி ஒதுங்குவதற்கு ஒப்பான வசதியை இக்கருதுகோள் ஆட்சியாளர்களுக்கும் அளித்தது; காரணம் மரபணுவில் இருக்குமானால் அணையையும் கால்வாயையும் பற்றிப் பேச வேண்டியதில்லை அன்றோ.

இதனால் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று முடிவு செய்வதும் தவறு. தாய் தந்தை இருவருக்கும் நீரிழிவு உள்ள பீமாக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு நோய் வருவது மற்றக் குடும்பங்களைவிட மிகுதியாகவும் இளவயதிலும் இருந்தது. ஒரே வீட்டில் ஒரே உணவை உண்பதால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. ஆனால் குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் மரபணுவால் வருவதன்று என்பதைக் காட்டியதும் இதே தொடராய்வுதான். தாய்க்கு நீரிழிவு தோன்றுவதற்கு முன் பிறந்த பிள்ளையையும், தோன்றிய பின் அதே தாய்க்குப் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டு டானா டபெலியா உள்ளிட்டோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பின்னவருக்கு நோய் வரும் வாய்ப்பு முன்னவரைவிட மூன்று மடங்குக்கு மேலாக இருந்தது. தந்தைக்கு நோய் தோன்றிய காலத்தைக் கொண்டு பிள்ளைகளை இவ்வாறே பிரித்துப் பார்த்தபோது அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஒரே பெற்றோரின் மரபணுக்களைப் பெற்ற உடன்பிறப்புகளிடையே தோன்றிய இவ்வேறுபாடு, கருப்பையில் மிகுந்த சர்க்கரைக்கு ஆட்பட்டதன் விளைவு என்பதைத் தவிர வேறு விளக்கம் காண்பது அரிது. அவ்வாறு பிறந்த மகள் இளவயதிலேயே நோயுற்று, தன் கருவுக்கும் அதே சூழலைத் தருகிறாள். இச்சுழல், ஒரு தலைமுறையின் உணவுமாற்றத்தை அடுத்த தலைமுறைக்குப் பரம்பரைச் சொத்துப் போலவே தோன்றும்படி கைமாற்றிவிடுகிறது. பரம்பரை, வாழ்முறை என்று இரு பெட்டிகளாகப் பிரித்துப் பேசும் வழக்கத்தை இதைவிடத் தெளிவாகக் குலைத்த ஆய்வு வேறில்லை எனலாம்.

எல்லைக்கு அப்பால் கிடைத்த சான்று மற்றொரு பக்கத்தை வெளிச்சமாக்கியது. மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில், சியரா மாத்ரே மலைகளில் உள்ள மைக்கோபா என்ற ஊரைச் சுற்றிப் பீமாக்களின் மற்றொரு கிளையினர் வாழ்கின்றனர். மொழியும் மரபணு ஒப்பீடும் இரு கிளையினரையும் உறவினராகக் காட்டுகின்றன. சாலையும் மின்சாரமும் எட்டத் தாமதமான அம்மலையூர்களில் அவர்கள் மக்காச்சோளமும் அவரையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டும், மரம் அறுத்தும், நடந்தும் வாழ்ந்தனர். எரிக் ரவுசான் முதலானோர் 1990களில் தொடங்கி நடத்திய ஆய்வின் முழு முடிவு 2006இல் வெளிவந்தது: மைக்கோபா பீமாக்களில் நீரிழிவு 6.9 விழுக்காடு, அரிசோனா பீமாக்களில் 38 விழுக்காடு, மைக்கோபாவிலேயே வாழ்ந்த பீமா அல்லாத மெக்சிகர்களில் 2.6 விழுக்காடு. உடல் பருமன், அரிசோனா உறவினரை நோக்க, ஆண்களில் பத்தில் ஒரு பங்காகவும் பெண்களில் மூன்றில் ஒரு பங்காகவுமே இருந்தது. ஆய்வில் கலந்துகொண்ட மைக்கோபா பீமாக்கள் 224 பேரே ஆதலால் 6.9க்கும் 2.6க்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர்கள் பெரிதாகக் கொள்ளவில்லை. 6.9க்கும் 38க்கும் இடையேயுள்ள பள்ளமோ எவ்விதத் தயக்கத்துக்கும் இடமளிக்கவில்லை. பரம்பரையால் நோய்க்கு எளிதில் ஆட்படும் இயல்பு இருந்தாலும், அது நோயாக வெளிப்படுவதை மலை வாழ்க்கையின் உழைப்பும் உணவும் பெருமளவு தடுத்துவிட்டன.

மரபணுவைத் தேடியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் கிடைத்தது சுருக்கமானதே. பல்லாண்டுத் தேடலுக்குப் பின் 2015இல் அறிவிக்கப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கது, இன்சுலின் சுரப்பை நெறிப்படுத்தும் ஏபிசிசி8 என்ற மரபணுவில் காணப்பட்ட ஒரு திரிபு. பிறப்பு எடையைக் கூட்டி, பிற்காலத்தில் நீரிழிவு வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்கும் இத்திரிபை உடையவர்கள் பீமாக்களில் நூற்றுக்கு மூவர் அளவினரே. சிக்கன மரபணு என்று தனியொன்றாக எதுவும் அகப்படவில்லை. ஒவ்வொன்றும் சிறிதளவே பாதிக்கும் எண்ணற்ற திரிபுகள் சேர்ந்து யார் முதலில் நோயுறுவார் என்பதைத் தீர்மானிக்கின்றன என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து; இது பீமாக்களுக்கு மட்டுமன்றி எல்லா மக்களுக்கும் பொருந்துவது.

வாழ்முறையை மாற்றினால் நோயைத் தடுக்கலாமா என்று நேரடியாகச் சோதித்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் தென்மேற்குப் பழங்குடியினரும் பங்கேற்றனர். சர்க்கரை எல்லையில் நின்ற 3,234 பேரைக் கொண்ட அவ்வாய்வின் முடிவு 2002இல் வந்தபோது, எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் நோய் தோன்றுவதை 58 விழுக்காடும், மெட்ஃபார்மின் மாத்திரை 31 விழுக்காடும் குறைத்திருந்தன. சென்னையில் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான இந்தியத் தடுப்பாய்வில் இவ்வெண்கள் முறையே 28.5, 26.4 என்று இருந்தன. சென்னையில் பங்கேற்றவர்கள் அமெரிக்கர்களைவிட இளையவர்கள், எடை குறைந்தவர்கள். குறைப்பதற்குப் பெரிய உடல் இல்லாதபோதும் நோய் வருவதும், அப்போதும் நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு இணையாகப் பயன்தருவதும் அவ்வாய்விலிருந்து தெரிந்தன. பீமாக்களிடம் கற்ற பாடத்தை அப்படியே தெற்காசியருக்குப் பொருத்த முடியாது என்பதற்கும் இதுவே போதிய சான்று.

ஆராயப்பட்டவர்கள் ஆய்வைப் பற்றி என்ன எண்ணினர் என்பது மருத்துவ இதழ்களில் அதிகம் இடம்பெறாத செய்தி. அதே அரிசோனாவில் வாழும் ஹவசுப்பாய் என்ற மற்றொரு பழங்குடியினர், நீரிழிவுக் காரணத்தை அறிய என்று நம்பித் தாம் அளித்த இரத்தம், மனநோய், குடிப்பெயர்வு முதலிய பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் 2010இல் 7 இலட்சம் டாலர் இழப்பீடு தந்து, எஞ்சிய இரத்த மாதிரிகளைத் திருப்பி அளித்தது. நோய் எம் இரத்தத்திலேயே எழுதப்பட்டது என்று பல்லாண்டுகள் கேட்டு வளர்ந்த பீமா இளைஞர்களிடம், உணவை மாற்றியும் பயனில்லை என்ற சலிப்பு படிவதும் இயல்பே. பழைய உணவைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்கள் அச்சலிப்புக்கு எதிராகவும் போராட வேண்டியிருந்தது. டெப்பரி அவரை, மெஸ்கீட் மாவு முதலியவை மெல்லச் செரித்து இரத்தச் சர்க்கரையைப் படிப்படியாகவே ஏற்றுகின்றன என்று 1990இல் வெளியான ஆய்வு அவர்களுக்கு ஓரளவு துணைநின்றது.

நீர் பற்றிய வழக்கு இதற்கெல்லாம் மூத்தது. பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தோடு அதற்கு வேண்டிய நீருக்கான உரிமையும் சேர்ந்தே வழங்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விண்டர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது 1908இல். ரஸ்ஸல், ஹர்ட்லிச்கா இருவரின் நூல்களும் வெளிவந்த அதே ஆண்டு. அவ்வுரிமை ஹீலா ஆற்றுச் சமூகத்துக்குச் சட்டமாகக் கைகூடியது 2004இல். அரிசோனா நீர் உடன்படிக்கைச் சட்டம் அவர்களுக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீரை, தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 28 டி.எம்.சி.யை, ஒதுக்கியது. அதன் மிகப்பெரிய ஒற்றைப் பங்கு ஹீலாவின் நீரன்று. கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனம் கடந்து கால்வாயில் இறைத்துக் கொண்டுவரப்படுவது. வயல்கள் மீண்டும் விரிந்தன. ஆனால் அவற்றில் விளைவதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனமும் பருத்தியும், உழுபவை இயந்திரங்கள். நூறாண்டுக்கு முந்தைய உழைப்பும் உணவும் நீரோடு சேர்ந்து திரும்பவில்லை.

1965 முதல் 2003 வரையான பதிவுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களிடையே புதிதாக நோயுறுவோர் விகிதம் பெரிதாக மாறாமலிருக்க, பதினைந்து வயதுக்குட்பட்டோரிடையே அது ஏறத்தாழ ஆறு மடங்காகப் பெருகியிருந்தது. இதற்கு மாறான போக்கு சிறுநீரகத்தில் தென்பட்டது. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடியினருக்கெனத் தனி நீரிழிவுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கியதை அடுத்து, இரத்த அழுத்தத்தைத் தணிக்கவும் சிறுநீரகத்தைக் காக்கவும் உதவும் மலிவான மாத்திரைகள், ஆண்டுதோறும் சிறுநீரில் புரதச் சோதனை, வீடு தேடிச் செல்லும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் என்ற ஏற்பாடுகள் பரவின. 1996க்கும் 2013க்கும் இடையே நாடு முழுவதுமுள்ள வயதுவந்த பழங்குடியினரிடையே நீரிழிவால் வரும் சிறுநீரகச் செயலிழப்பு 54 விழுக்காடு குறைந்தது. இந்த வீழ்ச்சியில் எந்த மரபணுக் கண்டுபிடிப்பும் பயன்படுத்தப்படவில்லை.